நான் வாங்காத கடனை என்னிடம் கேட்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் வாங்கியவர் எங்கோ இருக்க, அதைக் கட்டச் சொல்லித் தனக்குத் தொடர்ந்து அழைப்பு வருவதாகச் சொல்லும் குடும்பங்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட வங்கிகள், வங்கி சாரா நிதி நிறுவனங்கள் ஆகியவற்றின் பெயரால் வரும் வசூல் அழைப்புகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கடன் உண்மையில் உங்களுடையதாக இருந்து, கட்ட முடியாமல் தவிக்கும் நிலைமை வேறு. அதற்கான வழிகளும் வேறு.

முதல் அழைப்பு வந்தவுடன் நான் என்ன சொல்ல வேண்டும்?

மிகக் குறைவாகச் சொல்லுங்கள். அழைப்பவரின் பெயர், அவர் வேலை செய்யும் வசூல் நிறுவனத்தின் பெயர், எந்த வங்கிக்காக அல்லது நிதி நிறுவனத்துக்காக அழைக்கிறார், கடன் கணக்கு எண் என்ன, கடன் எப்போது கொடுக்கப்பட்டது, இப்போது கேட்கும் தொகை எவ்வளவு என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, “இந்தக் கடன் என்னுடையது அல்ல. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம்.

வசூல் முகவருக்கு ஒரு கணக்கைத் திருத்தவோ மூடவோ அதிகாரம் கிடையாது. அவர் கையில் இருப்பது ஒரு பட்டியல். அதில் உங்கள் பெயரோ கைப்பேசி எண்ணோ இருக்கிறது. அவரிடம் ஒரு மணி நேரம் நியாயம் பேசி அவர் வாயை அடைத்தாலும், அடுத்த வாரம் அதே பட்டியலை வைத்துக்கொண்டு வேறொருவர் அழைப்பார். உங்கள் மறுப்பு பதிவாக வேண்டிய இடங்கள் இரண்டு: கடன் கொடுத்த நிறுவனத்தின் கோப்பு ஒன்று, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுத்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவு மற்றொன்று. அந்த இரண்டும் திருந்தினால்தான் அழைப்பும் நிற்கும்.

“சரிபார்ப்பதற்காக” என்று பிறந்த தேதி, பான் எண், ஆதார் எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அவர்களிடம் உண்மையான கடன் கோப்பு இருந்தால் அந்த விவரங்கள் ஏற்கெனவே அதில் இருக்கும். அரைகுறை விவரத்தோடு அழைப்பவருக்கு நீங்கள் சொல்லும் பிறந்த தேதி, விடுபட்ட கட்டத்தை நிரப்ப உதவும். அதன்பின் அந்தக் கடன் உங்களோடு இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். ஓடிபி கேட்டாலோ, ஒரு இணைப்பை அனுப்பி அழுத்தச் சொன்னாலோ, அழைப்பவர் வசூல் முகவரே அல்லாமல் மோசடிக்காரராகவும் இருக்கலாம். அப்போது தொடர்பைத் துண்டித்துவிட்டு, அந்த வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களாகத் தேடி அழைத்து விசாரிப்பதே பாதுகாப்பானது.

தொல்லை விட்டால் போதும் என்று ஒரு சிறு தொகையைக் கட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதில் என்ன தவறு?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான பதில் இதுதான்: ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். “500 ரூபாய் மட்டும் போடுங்கள், கணக்கை நிறுத்தி வைக்கிறேன்” என்ற பேச்சு இரக்கத்தால் வருவது அல்ல. பணம் உங்கள் கணக்கிலிருந்து போனவுடன், கடனை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சான்றாகக் காட்டப்படும். கடன் தொகைக்காக வழக்குத் தொடர 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகள் தருகிறது. அந்தக் காலம் முடிவதற்கு முன் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலும் (பிரிவு 18), கடனுக்காக ஒரு பகுதியைச் செலுத்தினாலும் (பிரிவு 19), மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே காலாவதியாகும் நிலையில் உள்ள ஒரு பழைய கடனுக்கு உயிர் கொடுக்க உங்கள் 500 ரூபாய் பயன்பட்டுவிடலாம்.

அச்சமும் அவமானமும்தான் பலரைப் பணம் கட்ட வைக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்ற கவலையில், வாங்காத கடனைத் தவணை முறையில் கட்டி முடிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பது மனத்தை வருத்துகிறது. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

வேறொருவரின் கடன் என் பெயருக்கு எப்படி வந்திருக்கும்?

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா, உங்கள் கைப்பேசி எண்ணில் மட்டும் இருக்கிறதா? பயன்பாடு நின்றுபோன கைப்பேசி எண்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் இடைவெளி விட்டு வேறொருவருக்குக் கொடுக்கின்றன. புது சிம் வாங்கிய சில நாட்களிலேயே யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி அழைப்பு வந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். அப்படியானால் கடன் தகவல் நிறுவனம் தரும் உங்கள் கடன் அறிக்கையில் ஒன்றும் இருக்காது. எண்ணைக் கோப்பிலிருந்து நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சிம் வாங்கிய ரசீதை இணைத்தால் போதும்.

கடன் உங்கள் பெயரிலேயே இருந்தால் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள இருவரின் பதிவுகள் கலந்துபோவது உண்டு. தமிழ்ப் பெயர்களில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருப்பதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது. பான் எண்ணைப் பதிவிடும்போது ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு வேறொருவர் பெயரில் ஏறிவிடும். ஜெராக்ஸ் கடையிலோ, சிம் கடையிலோ, வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலோ கொடுத்த அடையாள நகல்களை வைத்து வேறொருவர் கடன் வாங்கியிருக்கலாம். மகளிர் குழுக் கடன்களில், உறுப்பினரின் ஆதார் நகலைக் கையில் வைத்திருந்தவரே அவருக்குத் தெரியாமல் இன்னொரு கடன் எடுத்த புகார்களும் உண்டு. எப்போதோ கட்டி முடித்த உங்கள் சொந்தக் கடனை நிறுவனம் மூடாமல் விட்டிருப்பதும் சாத்தியமே. இதில் எது நடந்தது என்பதைப் பொறுத்து, காவல் துறைக்குப் போக வேண்டுமா, திருத்தக் கோரிக்கை மட்டும் போதுமா என்பது முடிவாகும்.

கடன் அறிக்கையை எங்கே பெறுவது? அதில் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. “சிபில் பார்த்தேன், ஒன்றுமில்லை” என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சர்ச்சைக்குரிய கணக்கு மற்ற மூன்றில் ஒன்றில் இருக்கலாம். நான்கையும் பெற்றுப் பாருங்கள்.

அறிக்கையில் மதிப்பெண்ணை முதலில் பார்க்கத் தோன்றும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, கணக்குகள் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு கணக்கின் கீழும் கடன் கொடுத்தவரின் பெயர், கடன் வகை, தொடங்கிய தேதி, அனுமதித்த தொகை, நிலுவை ஆகியவை இருக்கும். அதன் கீழே மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை, 090 என்றால் 90 நாள் தாமதம், எக்ஸ் எழுத்து மூன்று முறை இருந்தால் அந்த மாதம் தகவல் வரவில்லை என்று பொருள். அடுத்து, அறிக்கையில் உங்கள் பெயரில் பதிவாகியுள்ள முகவரிகளையும் கைப்பேசி எண்களையும் பாருங்கள். நீங்கள் ஒருபோதும் குடியிராத ஊரின் முகவரியோ, உங்களுக்குத் தெரியாத எண்ணோ அங்கே இருந்தால், உங்கள் அடையாளத்தைப் பயன்படுத்தியவர் விட்டுச் சென்ற தடயம் அதுவாக இருக்கலாம். கடைசியாக, விசாரணைகள் என்ற பகுதியில் எந்த நிறுவனம் எந்தத் தேதியில் உங்கள் அறிக்கையைக் கேட்டது என்பது இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத இடங்களின் பெயர்கள் இருந்தால், வேறு கடன்களுக்கும் முயற்சி நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அறிக்கையின் மேல்பகுதியில் உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிபிலில் திருத்தம் கோரும்போது அது தேவைப்படும்.

மறுப்புக் கடிதத்தை யாருக்கு எழுதுவது? எப்படி எழுதுவது?

கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். வசூல் நிறுவனத்துக்கு ஒரு நகல் போதும். குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். மின்னஞ்சலோடு நின்றுவிடாமல், ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கீழ்க்கண்டவாறு அமையலாம்:

“கடன் கணக்கு எண் … தொடர்பாகத் தங்கள் சார்பில் பேசுவதாகக் கூறிய ஒருவர், … தேதியன்று … எண்ணிலிருந்து என்னை அழைத்து ரூ. … செலுத்துமாறு கேட்டார். இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. இதற்கான எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவோ மின்னணு முறையில் ஒப்புதல் அளிக்கவோ இல்லை. கடன் தொகையை நான் பெறவில்லை. இதற்கு நான் ஜாமீனும் நிற்கவில்லை. ஆகவே இந்தக் கடனை முழுமையாக மறுக்கிறேன். கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், அடையாளச் சரிபார்ப்பு ஆவணங்கள், கடன் தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் விவரம் ஆகியவற்றின் நகல்களை எனக்கு அனுப்புமாறும், விசாரணை முடியும்வரை வசூல் நடவடிக்கைகளை நிறுத்துமாறும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தந்துள்ள தகவலைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எந்த வகையிலும் கடனை ஒப்புக்கொள்வதாகாது.”

நான்கு மறுப்புகளும் தனித்தனி வாக்கியங்களாக இருப்பதற்குக் காரணம் உண்டு. “எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று பொதுவாக எழுதினால், எதை மறுக்கிறீர்கள் என்ற கேள்வி பிறகு எழும். அதேபோல் “வட்டி மிக அதிகம்”, “இப்போது என்னிடம் பணம் இல்லை” போன்ற வரிகளை ஆற்றாமையில் கூடச் சேர்க்காதீர்கள். வாங்காத கடனின் வட்டியைப் பற்றிப் பேசுபவர், கடனை அரைமனத்தோடு ஏற்பவராகவே படிக்கப்படுவார். நான்கில் ஏதேனும் ஒன்று உங்கள் விஷயத்தில் உண்மை இல்லையென்றால், அந்த வரியை எழுதக் கூடாது.

ஆவணங்களை அனுப்பினால் அவற்றில் என்ன தேட வேண்டும்?

கடன் தொகை எந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதையே முதலில் தேடுங்கள். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, சில விதிவிலக்குகள் தவிர, தொகை கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும். அந்தத் தேதிக்கு உங்கள் கணக்கு அறிக்கையை எடுத்து, அப்படியொரு வரவு இல்லை என்று காட்டினால், உங்கள் மறுப்புக்கு அதைவிட வலுவான சான்று அரிது. பிறகு விண்ணப்பத்தில் உள்ள புகைப்படம், கையொப்பம், கைப்பேசி எண், மின்னஞ்சல், முகவரி ஆகியவற்றை உங்களுடையவற்றோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொன்றையும் இரண்டாம் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

ஆவணம் எதையும் அனுப்பாமல் “எங்கள் பதிவின்படி கடன் உங்களுடையதே” என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். கடன் உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். வாங்கவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை முதலில் உங்கள் மேல் விழுவதில்லை. அந்த ஒற்றை வரிப் பதில் பின்னால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் உங்களுக்கே துணை நிற்கும்.

கடன் தகவல் நிறுவனத்திடம் தனியாகப் புகார் செய்ய வேண்டுமா?

ஆம், அதே நாளில் செய்யுங்கள். கடன் கொடுத்த நிறுவனம் உறுதிப்படுத்தாமல் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது என்பது உண்மைதான். ஆனாலும், புகார் பதிவான நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்குகிறது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, புகார் செய்து 30 நாட்களுக்குள் திருத்தம் முடியாவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் 21 நாட்களுக்குள் தன் பதிலை அனுப்பாவிட்டால் இழப்பீடு அதன் பொறுப்பு. அது நேரத்தில் அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் பொறுப்பு அதனுடையது. 45ஆம் நாளில் திருத்தம் வந்தால் உங்களுக்கு 1,500 ரூபாய் சேர வேண்டும். தொகை பெரிதல்ல என்றாலும், தூங்கிக்கொண்டிருக்கும் கோப்பை நகர்த்தும் ஆற்றல் இந்த விதிக்கு உண்டு. ஆகவே நினைவூட்டல் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள்.

புகார் கொடுத்த பிறகும் முகவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அலுவலகத்துக்கும் உறவினர்களுக்கும் அழைக்கிறார்கள். இது முறையா?

முறையல்ல. வாடிக்கையாளரின் புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கணக்கை வசூல் நிறுவனத்திடம் அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. தொடர்ந்து பொய்ப் புகார் செய்பவர் என்பதற்கு வங்கியிடம் சான்று இருந்தால் மட்டுமே விலக்கு. நேரில் வரும் முகவர் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். அவற்றைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுப்பவரை வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, வங்கிகளுக்கும் வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும் வகையில், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைப்பதைத் தடுக்கிறது. மிரட்டுவது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது, குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரையாளர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவது, கைப்பேசியிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் அது பெயர் சொல்லித் தடை செய்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அடமானமின்றித் தரப்படும் சிறுநிதிக் கடன்களுக்கு நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. முகவரின் நடத்தைக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு. “அது வெளி ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது” என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், எண், பேசியதன் சுருக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒலிப்பதிவுகளை அந்தக் கைப்பேசியிலேயே அழிக்காமல் வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றாகக் கொடுக்கும்போது எந்தக் கருவியில் பதிவானது என்பதற்கான சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நிறுவனம் பதிலே தரவில்லை. அடுத்து எங்கே போவது?

புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன. நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் செய்யாமல் நேரே இங்கு வந்தால் மனு திருப்பி அனுப்பப்படும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் வாய்வழியாகச் சொன்னதை மட்டும் நம்பியிருந்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நஷ்டஈடு கேட்க வேண்டிய அளவுக்குப் பாதிப்பு இருந்தால், உதாரணமாக இந்தத் தவறான பதிவால் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டிருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

காவல் நிலையத்துக்கு எப்போது போக வேண்டும்?

உங்கள் அடையாளத்தை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆவணங்கள் காட்டினால் தாமதிக்காதீர்கள். 1930 என்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்; மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் நேரில் கொடுக்கலாம். பிறரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகாவிட்டாலும், மனு பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதன் நகல் போனவுடன் வங்கியின் பதில் மாறுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். நிலையத்தில் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லை என்றால் குற்றவியல் நடுவரை நாடலாம்.

அதோடு ஆதாரின் பயன்பாட்டு வரலாற்றைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாத சரிபார்ப்புகள் உண்டா என்று கவனியுங்கள். கைரேகைப் பூட்டையும் போட்டுவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்று பார்த்து, உங்களுடையது அல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம்.

ஆப் கடன் என்கிறார்கள். என் புகைப்படத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவதாக மிரட்டுகிறார்கள்.

இது வசூல் அல்ல, பணம் பறிப்பு; நேரே காவல் துறைக்குப் போக வேண்டிய விஷயம். கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படக் கோப்புகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே உங்கள் உறவினர்களின் எண்கள் அவர்களிடம் இருப்பதே மீறலுக்குச் சான்று. செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்த பிறகே எண்ணைத் தடை செய்யுங்கள். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரி எழுதிவிடுங்கள்: “என் பெயரில் மோசடி அழைப்புகள் வருகின்றன, புகார் கொடுத்திருக்கிறேன், எதற்கும் பணம் அனுப்ப வேண்டாம்.” அதன்பின் மிரட்டலின் பலம் பெருமளவு போய்விடும். பணம் கொடுத்தவர்களை இவர்கள் விட்டதில்லை; மறுபடியும் கேட்பார்கள்.

அப்பா வாங்கிய கடனை, அவர் காலமான பிறகு என்னிடம் கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?

அவர் விட்டுச் சென்ற சொத்து உங்களுக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பு உண்டு. உங்கள் சம்பளத்திலிருந்தோ நீங்கள் சம்பாதித்த சொத்திலிருந்தோ கேட்க முடியாது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டின் அடிப்படையில் புதிய கடன்களுக்கு வாரிசுகள்மீது வழக்குத் தொடர முடியாதபடி இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் செய்துவிட்டது. அந்தக் கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். பல கடன்களில் பிரீமியம் பிடித்திருப்பார்கள், குடும்பத்துக்குத் தெரியாது.

உயிரோடிருக்கும் அண்ணன், தம்பி, கணவர் வாங்கிய கடனுக்கு உறவு என்ற காரணத்தால் மட்டும் நீங்கள் பொறுப்பாளி ஆவதில்லை. பரிந்துரையாளராக உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தாலும் அப்படியே. ஆனால் ஜாமீன்தாரராகவோ இணைக் கடனாளியாகவோ கையொப்பமிட்டிருந்தால் நிலைமை தலைகீழ்: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. மகளிர் குழுக் கடனில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டிருந்தால் அதுவும் இதே வகை. அத்தகைய கடனை “என்னுடையது அல்ல” என்று மறுப்பது பொய்யாகிவிடும். வேறு வழியில்தான் பேச வேண்டும்.

வழக்கறிஞர் நோட்டீஸ், நடுவர் மன்ற நோட்டீஸ், லோக் அதாலத் அழைப்பு என்று வருகின்றன. எதற்குப் பதில் தர வேண்டும்?

எதையும் குப்பையில் போடாதீர்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் தீர்ப்பு அல்ல, ஆனால் அதற்கு மறுப்பு அனுப்பாதிருப்பது பின்னால் உங்களுக்கு எதிராகப் பேசப்படும். மேலே உள்ள கடிதமே, சிறு மாற்றங்களோடு, அதற்கும் போதுமானது. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே முடிவு எட்டப்படும். “பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்” என்ற ஆலோசனைக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை, ஆனால் கையொப்பமிட்டுவிட்டால் பிறகு மேல்முறையீடு இல்லை.

நடுவர் மன்ற நோட்டீஸ்தான் (நீதிமன்றத்துக்கு வெளியே, ஒப்பந்தத்தின்படி தகராறைத் தீர்க்கும் நடுவரிடமிருந்து வருவது) மிகவும் ஆபத்தானது, ஏனெனில் சாதாரணக் கடிதம் போலவே இருக்கும். நிதி நிறுவனம் தானே நியமித்த நடுவர், நீங்கள் பதில் தராத நிலையில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கிவிட்டால், அந்தத் தீர்ப்பை நீதிமன்றம் வழியாக அமல்படுத்தக் கோரும் நிறைவேற்றல் மனு வரும்போதுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்திலேயே நீங்கள் கையொப்பமிடவில்லை, ஆகவே நடுவர் உடன்பாடும் உங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும், ஒரு தரப்பு தானாக நடுவரை நியமித்ததை ஏற்கவில்லை என்பதையும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நீதிமன்றச் சம்மன் வந்தால் நாட்களை எண்ணுங்கள்: சுருக்க விசாரணை வழக்காக இருந்தால் முன்னிலையாவதற்கு 10 நாட்களே உண்டு.

இந்த நிலையில் வழக்கறிஞர் அவசியம். செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள்.

சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் வாராக்கடன்களை வாங்குவது சட்டப்படி நடப்பதே. வாங்கியவருக்கு, விற்றவரிடம் இருந்ததை விட அதிக உரிமை கிடையாது. உங்களுக்கு எதிராக விற்றவரிடம் ஒப்பந்தம் இல்லையென்றால் வாங்கியவரிடமும் இல்லை. கடன் மாற்றப்பட்டதற்கான ஆவணத்தைக் கேட்டு, மறுப்புக் கடிதத்தை இரு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள்.

நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு “நிலுவை இல்லை” சான்று தருவதாகச் சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

அதோடு திருப்தி அடையாதீர்கள். நிலுவை இல்லை என்ற சான்று, கடன் வாங்கிக் கட்டி முடித்தவருக்குத் தருவது. அதைப் பெற்றுக்கொண்டால் உங்கள் அறிக்கையில் அந்தக் கணக்கு “மூடப்பட்டது” அல்லது “சமரசத்தில் தீர்க்கப்பட்டது” என்று நின்றுவிடும். தாமதமான மாதங்களின் கட்டங்களும் அப்படியே இருக்கும், இரண்டாவது சொல்லைப் பார்க்கும் அடுத்த வங்கி உங்களுக்குக் கடன் தரத் தயங்கும். இந்தக் கடன் இன்னாருடையது அல்ல என்று விசாரணையில் உறுதியாயிற்று, அவர் பெயரிலிருந்து கணக்கு முழுவதுமாக நீக்கப்படுகிறது, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கப்படுகிறது என்ற வாசகங்கள் உள்ள கடிதத்தை, நிறுவனத்தின் முத்திரையோடும் அதிகாரியின் கையொப்பத்தோடும் கேட்டுப் பெறுங்கள். அது வந்து சில வாரங்களில் நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுத்து, கணக்கு இருந்த இடம் காலியாகிவிட்டதா, தெரியாத முகவரியும் கைப்பேசி எண்ணும் கூடவே நீங்கிவிட்டனவா என்று பாருங்கள். முகவரி மட்டும் எஞ்சியிருந்தால் அதற்கும் தனியாகத் திருத்தம் கோர வேண்டும்.